கியோட்டோ சந்தில் சொன்ன ஒரு "இல்லை"

போன வாரம் மகள் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி. மேக்கப் போட வந்தவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து, முத்துவெள்ளைப் பொடியில் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன். பவுடர் வாசம் ஒத்துக்கவில்லையா என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். ஒத்துக்காதது வேற ஒன்று. அவளிடம் இத்தனை வருஷமாகச் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்த மாதிரி ஒரு வாசனையை அதற்கு முன் கடைசியாக நான் மோந்தது ஜப்பானில். சிரிக்காதீர்கள். வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் நான் பிட்டர். மில்லுக்குப் புது மிஷின் வாங்கினார்கள். அதைக் கழற்றி மாட்டப் பழகிவரச் சொல்லி என்னை இரண்டு மாசம் கியோட்டோவுக்கு அனுப்பினார்கள். எட்டாங்கிளாஸோடு நின்றவன் பிளேனில் ஏறினால் எப்படி இருக்கும்? பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல், எல்லாரும் இறங்கிய பிறகும் உட்கார்ந்திருந்தேன். நானா மிஷின் கழற்றப் போகிறவன்!

தங்கின இடத்தில் முன்னால் கூடை வைத்த ஒரு லேடீஸ் சைக்கிள் கொடுத்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மாதா கோயில் தேடிப் போனவன், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வழி தப்பி ஒரு தெருவுக்குள் நுழைந்துவிட்டேன். இரண்டு பக்கமும் பழைய மரவீடுகள், மூங்கில் தட்டி, வாசலில் சிவப்புக் காகித விளக்கு. எங்கள் மில்லில் ஹெட் பிட்டர் ஒருத்தர் சொல்வார், மணி அடிக்காத சைக்கிளும் வாய் திறக்காத மருமகனும் எப்ப மேல வந்து விழும்னு தெரியாது என்று. அந்தப் புத்தியோடு தெரு முழுக்க மணியடித்துக்கொண்டே போனேன். ஒரு கதவு திறந்தது, ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். வரவேற்கிறாள் என்று நினைத்து இன்னொரு தடவை அடித்தேன். அங்கே மணியடிப்பது ஆளைப் பார்த்து "தள்ளுடா" என்று சொல்வது மாதிரியாம். பிறகுதான் தெரிந்தது.

சொன்னவர் தனக்கா. எனக்கு மிஷின் சொல்லிக்கொடுத்தவர், ஐம்பது வயசுக்காரர். அவருக்கும் இங்கிலீஷ் வராது, எனக்கும் வராது. அதனால் சைகையும் அவர் செல்போன் தமிழாக்கிக் காட்டினதுமாகப் பேசினது நன்றாகப் புரிந்தது. அடுத்த ஞாயிறு அவரும் ஒரு சைக்கிளில் கூட வந்தார். அந்தத் தெருமுனை வந்ததும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். கியோன் என்று பேராம். பல தலைமுறையாய் ஆட்டக்காரிகளும் பாட்டுக்காரிகளும் குடியிருக்கிற இடம். ஒவ்வொரு வீட்டு நிலையிலும் சின்னச் சின்ன மரப்பலகை. அந்த வீட்டில் இருக்கிற பெண்களின் பேர் அதில் எழுதியிருக்கிறது என்றார். அப்போது சந்திலிருந்து ஒரு பெண், கழுத்து வரைக்கும் வெள்ளை பூசி, குட்டி குட்டி எட்டு வைத்து எங்களைக் கடந்து போனாள். பூச்சு வாசனையும் எண்ணெய் வாசனையும் பின்னாலேயே வந்தது.

தனக்காவின் மனைவிக்கு மூன்று தந்தி வாத்தியம் சொல்லிக்கொடுத்த அம்மாள் அங்கே ஒரு வீட்டில் இருந்தார். உள்ளே போனோம். ஒரு காலத்தில் அந்தத் தெருவில் ஆடியவராம். தனக்கா அவர் முன்னால் இடுப்பு ஒடிகிற மாதிரி குனிந்தார். பச்சை டீ வந்தது. அந்த அம்மாள் என்னையே பார்த்து ஒன்று கேட்க, தனக்கா எனக்குச் சொன்னார்: உங்கள் ஊரிலும் இப்படிக் கலைக்காரர்கள் இருக்கிற தெரு உண்டா என்று கேட்கிறார்.

"இல்லை" என்றேன். எங்கள் திண்டுக்கல்லில் பூட்டும் நூலும்தான் என்றும் சொன்னேன். யேசுவைத் தெரியாது என்று மறுதலித்த ராயப்பராவது உடனே வெளியே போய் அழுதார். நான் இன்னொரு கப் டீ கேட்டேன்.

எப்படி இல்லாமல் போகும்? திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் நாடகக்காரர்கள் வாடகைக்குக் குடியிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் தகர போர்டு: பேர், ராஜபார்ட்டா ஸ்திரீபார்ட்டா பபூனா, கீழே போன் நம்பர். மூன்றாவது வீட்டு ஸ்திரீபார்ட் என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. என் சித்தி.

அப்பா அந்தப் பேரை வீட்டில் எடுக்கக் கூடாது என்பார். அம்மா ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பைத் தூக்கில் ஊற்றி, என்னை மாவு மில்லுக்குப் போகிற மாதிரி சைக்கிளில் அனுப்புவாள். சித்தி விடிய விடிய ஆடிவிட்டு வந்து, காதோரம் துடைக்காத முத்துவெள்ளையோடு உட்கார்ந்திருப்பாள். குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்து, உங்கம்மா இன்னும் உப்பைக் கோவத்துலதான் போடுறாளா என்பாள். "செத்த நேரம் இருந்துட்டுப் போ அப்பு" என்பாள். நான் இருந்ததில்லை. யாராவது பார்த்துவிட்டால்?

கியோட்டோ போவதற்கு முன்னாலேயே என் கல்யாணம், ஒரு ஐப்பசியில். பத்திரிகையோடு சித்தி வீட்டுக்குப் போனேன். கொடுக்கத்தான் போனேன். ஆனால் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பொண்ணு வீட்டுக்காரங்க ஒரு மாதிரி, சித்தி, என்று இழுத்தேன். அவள் என் கையைப் பார்த்தாள்.

"அன்னைக்கு எனக்கு நத்தம் பக்கம் நாடகம் இருக்குப்பு. எப்படிச் சொல்றதுன்னு நானே முழிச்சுக்கிட்டிருந்தேன். நல்லா இரு."

நாடகக்காரர்களுக்கு வேலை தையில் ஆரம்பித்து ஆடியோடு முடியும். ஐப்பசி அடைமழையில் எந்த ஊர்க்காரன் மேடை போடுவான்? சந்து முழுக்க ஆட்கள் வேலையில்லாமல் தாயம் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும். "அப்படியா சித்தி, சரி சித்தி" என்று பத்திரிகையைப் பைக்குள் வைத்தேன். வெட்கம் அதற்காகக்கூட இல்லை. திரும்பி வரும்போது சைக்கிளை லேசாக மிதித்தேன் பாருங்கள், பாரம் இறங்கினவன் மாதிரி. அதற்காக.

கியோட்டோவிலிருந்து வந்ததும் போய்ப் பார்க்கணும் என்றுதான் இருந்தேன். அந்த அம்மாளிடம் சொன்ன பொய்யைச் சித்தியிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்றுகூட நினைத்தேன். நாளைக்கு, அடுத்த வாரம் என்று போனது. கொரோனா வந்த வருஷம் சித்தி செத்துப்போனாள். அடக்கத்துக்கு யாரும் போக முடியாத காலம் என்று வீட்டில் சொல்லிக்கொண்டோம். உண்மைதான். எங்களுக்கு வசதியான உண்மை.

மாறுவேடப் போட்டி முடிந்த மறுநாள் அந்தச் சந்துக்குப் போனேன். ஓட்டு வீடுகளை இடித்து ஒரு லாட்ஜும் வரிசையாக செல்போன் கடைகளும் வந்திருக்கின்றன. போர்டு மாட்டின சுவரே இல்லை. ஒரு கடையில் செல்போன் கவர் அடுக்கிக்கொண்டிருந்த பையன் என்ன வேணும் சார் என்றான். இங்கே நாடகக்காரவுக இருந்தாகளே என்றேன். அவன் கேள்விப்பட்டதே இல்லை.

"யாரத் தேடுறீங்க?"

"எங்க சித்தி. நாடகத்துல நடிச்சாக."

எதிர்க் கடைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். அவன் அப்படியா சார் என்று சொல்லிவிட்டு அடுக்குகிற வேலையைப் பார்த்தான். அதைக் கேட்டு முகம் சுளிக்கக்கூட அந்தத் தெருவில் இப்போது ஒருத்தரும் இல்லை.