மீன் பேரம் பேசிய மலாய்

துபாஷி வேலை என்பது இரண்டு தரப்புத் திட்டையும் முதல் ஆளாக வாங்கிக்கொள்ளும் உத்தியோகம். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், கோல சிலாங்கூர் அரசாங்க ஆபீசில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இதே தொழிலில் மாட்டிக்கொண்ட சகபாவிகளே, உங்களுக்குப் புரியும்.

கேட்டில் ஒரு நியாயம்

ஜெராம் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து பாக்கியம் வந்தாள், இடுப்பில் கைப்பிள்ளையோடு. பால்மரம் வெட்டப் போன லோரியைக் காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் சுட்டதில் புருஷன் செத்துப்போயிருந்தான். பிள்ளையை வைத்துக்கொண்டு அவளால் வேலைக்குப் போக முடியவில்லை. உதவி அரிசி கேட்டாள். ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இந்தியாவில் பிறந்தவளுக்கு உதவி கிடையாது, வேண்டுமானால் கப்பலேற்றி அனுப்புகிறோம் என்றார். அங்கே அவளுக்கு யாருமே இல்லை. அதைத் தமிழில் சொல்ல எனக்கே வாய் கூசியது. சொன்னேன், வேறு வழி?

அவள் அழவில்லை. அடையாளக் கார்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். “தினம் விடியக்காலையில தோட்டத்து முள்வேலி கேட்டுல இதக் காட்டுன்னு நிக்க வைக்கிறீங்களே, அப்ப மட்டும் நான் இந்த ஊர்க்காரியா?”

என் வாய்க்கு விடுமுறை

ஒரு சொல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். பெரிய கிராணி குதித்த குதியில், உள்ளேயிருந்த மலாய் அதிகாரி எங்களைக் கூப்பிட்டார். இந்த மண்ணிலேயே ஊன்றிவிட்டவள் என்று தமக்குப் பட்டால் உதவி தரலாம், ஆனால் துபாஷி குறுக்கே வரக் கூடாது, அவளே மலாயில் பேசட்டும் என்றார். உனக்கு மலாய் வருமா என்று அவளிடம் கேட்டேன். சுங்கை செம்பிலாங்கிலிருந்து சைக்கிளில் தோட்டத்து லய வீடுகளுக்கு மீன் கொண்டுவரும் மலாய்க்கார அம்மாவைத் தவிர, அவள் யாரிடமும் மலாய் பேசியதில்லை. “மீன் வாங்குற அளவுக்கு வருங்க ஐயா” என்றாள்.

நாலு எட்டு

வீடு, வேலை எல்லாம் சரியாகச் சொன்னாள். அதிகாரி தலையாட்டிவிட்டு, மூன்று மாதம் கழித்து வா, பார்க்கலாம் என்றார்.

“மஹால் லா, துவான்! குராங் சிக்கிட்!” என்று அதிகாரியிடமே பேரத்தில் இறங்கினாள் பாக்கியம்.

விலை அதிகமாம், கொஞ்சம் குறைக்க வேண்டுமாம்! அவர் முடியாது என்றார். உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தாள். மீன் விலை படியாவிட்டால் நடக்கிற அதே நடை. அடிப்பாவி, கெடுத்தாளே என்று எனக்கு உயிரே போய்விட்டது.

“மாரி, மாரி!” என்று அதிகாரி திரும்பி வரச் சொன்னார். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பெரிய கிராணியைக் கூப்பிட்டுக் கேட்டார்: “மீன் வாங்கும்போது என் அம்மாவும் இப்படித்தான் நடப்பார். இவளையா வெளிநாட்டுக்காரி என்றீர்?”

அடுத்த வாரத்திலிருந்தே அரிசி என்று உத்தரவானது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்து, இப்படியா பயமுறுத்துவது என்று திட்டினேன். பாக்கியத்துக்கு வேறு வருத்தம். “அவசரப்பட்டுத் திரும்பிட்டேன் ஐயா, இன்னும் நாலு எட்டு வச்சிருந்தா இன்னைக்கே குடுத்திருப்பாரு.”

அன்றிலிருந்து, லீவு கிடையாது என்று பெரிய கிராணி சொல்லும்போதெல்லாம் நானும் எழுந்து வாசல்வரை நடந்து பார்க்கிறேன், என்னை மட்டும் ஒருத்தரும் திரும்பக் கூப்பிடுவதில்லை.