ஏதோ கீறேன்மா

என் வலது கால் யானைக்கால். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. ஒலக்கூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். புடவையைத் தரையில் புரளவிட்டுக் காலை மறைத்துக்கொண்டு, திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். அடிக்கடி தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர் காய்ச்சல் தூக்கிப் போடும். அது வந்துவிட்டால் வகுப்பு, சமையல் எல்லாம் அம்பேல்.

விழுப்புரம் தனி மாவட்டமாகிச் சில வருஷம் கழித்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை அறை ஒன்றில் எங்களைப் போன்றவர்களுக்கு வாரம் ஒருநாள் வைத்தியம் ஆரம்பித்தார்கள். வைத்தியம் என்றால் பெரிய மந்திரமெல்லாம் இல்லை. சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரமில்லாமல் துடைத்து, களிம்பு தடவி, படுக்கும்போது காலை உயரத்தில் வைக்க வேண்டும். இதனால் நோயாளியின் வாழ்க்கை எவ்வளவு மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. தெற்கத்திப் பக்கத்து இளம் பெண் டாக்டர் ஒருவர் அதை நடத்தினார்.

கழுவினேன். காய்ச்சல் வந்து ரொம்ப நாளாயிற்றே என்று ஒருநாள் திடீரென்று உறைத்தது. கால் மட்டும் இளைக்கவில்லை. எங்களில் பலருக்கும் அப்படித்தான். டேப் வைத்து அளந்தால் அதே பழைய கால். பிழைப்பு மாறியிருப்பது எங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

அந்த வாய்தான் திறக்கவில்லை. ஒருநாள் டாக்டர் எங்களை உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னார். கடைசிச் சுற்றுக் கேள்விகள் இந்த மாதத்தோடு முடிகின்றன. வைத்தியத்துக்கு முன்னால் சொன்ன பதிலையே எல்லோரும் இப்போதும் சொல்கிறீர்கள். பலனில்லை என்றுதான் மேலே தெரிவிக்க முடியும், அப்புறம் அறையை மூடிவிடுவார்கள் என்றார். சோப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும். முகம் சுளிக்காமல் என் காலைத் தொட்டுப் பார்க்க வேறு யார் இருக்கிறார்கள்?

அன்று பெஞ்சில் என் பக்கத்தில், நிலக்கடலைக் கொல்லைகளில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போகிற ஓர் அக்கா. மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் நசுங்கி நின்று அம்மன் ஊஞ்சல் பார்த்துவிட்டு வந்ததை என்னிடம் பீற்றிக்கொண்டிருந்தவரை உள்ளே கூப்பிட்டார்கள். எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டது திரைக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"ஏதோ கீறேன்மா" என்றார் அக்கா, சாகக் கிடப்பவர் குரலில்.

எனக்கு வந்ததே கோபம். வெளியே வந்தவரைப் பிடித்துக்கொண்டு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நல்லாக்கீறேன்னு நம்ம வாயால சொல்லிக்கினா கண்ணு பட்டுடும் டீச்சர். மறுநாளே நெறி கட்டிக்கும்."

பெஞ்சே தலையாட்டியது. என்னால் சிரிக்க முடியவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற எங்கள் வீட்டிலும், பிள்ளை தேறியிருக்கிறான் என்று யாராவது சொன்னால் மாமியார் கை உப்பையும் மிளகாயையும் தேடும். நானும் அதுவரை "ஏதோ ஓடுது டாக்டர்" என்றுதான் சொல்லிவந்தேன்.

என் முறை வந்தது. திரையை வேண்டுமென்றே விலக்கிவிட்டு உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. "நான் நல்லா இருக்கேன் டாக்டர்" என்றேன், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற வகுப்புக் குரலில். காய்ச்சல் இல்லை, லீவு போடுவதில்லை, நாற்றம் போனதால் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் ஆட்கள் உட்காருகிறார்கள் என்று அடுக்கினேன். வெளியே பெஞ்சில், டீச்சருக்கு இந்த வாரம் படுக்கைதான் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

அந்த வாரம் கழுவிய மாதிரி நான் என்றைக்குமே காலைக் கழுவியதில்லை. எனக்கு லேசாக உடம்பு சுட்டால்கூட அப்புறம் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். பாடம் நடத்தும்போதே நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஒன்றும் வரவில்லை.

அடுத்த வாரம் பட்டுப்புடவை கட்டி, கணுக்கால் தெரியக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டிலிருந்து கடைத்தெரு வழியாகவே நடந்து போனேன். பெஞ்சில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா குனிந்து என் காலில் புறங்கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. நிமிர்ந்தவர் யாரும் கூப்பிடாமலே உள்ளே போனார்.

அவருக்குப் பின்னால் பெஞ்சே எழுந்தது. இன்னும் வலிக்கிறது என்று சொன்னவரும் உண்டு, அதையும் டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த அறை மூடப்படவில்லை. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அங்கே போய்க்கொண்டிருந்தேன். ஆனால் நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்பது எனக்கு அன்றைக்கே, அக்காவின் குரல் திரையைத் தாண்டி வந்தபோதே தெரிந்துவிட்டது.

"போன வாட்டி சொன்னது பொய்யிம்மா. நடக்கறேன், வேலைக்குப் போறேன், கூட்டத்துல நின்னு சாமி பாக்கறேன். நல்லாக்கீறேன். எழுதிக்கோ."