கொன்ட்ரோல் பாத்தி

கம்பஸில் விவசாய ஆராய்ச்சி செய்கிற என் மகள், எங்கள் பின்வளவில் பாத்தி பாத்தியாகக் கடுகு விதைத்திருந்தாள். கடுகு பூத்தால் அழுக்கணவன் வந்துவிடும். பச்சைப் பேன் மாதிரி அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அதை எது நன்றாக அடக்குகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. ஒரு பாத்திக்கு வேப்பங்கொட்டைச் சாறு, இன்னொன்றுக்குக் கடை மருந்து. கடைசிப் பாத்திக்கு ஒன்றுமில்லை, 'கொன்ட்ரோல்' என்று எழுதிய ஒரு பலகை மட்டும்.

"இது மட்டும் மூத்தகுடியாள் பெத்த புள்ளயா?" என்று கேட்டேன்.

"அது கொன்ட்ரோல் உம்மா. அதுக்கு மருந்தே அடிக்கப்படா. அடிச்சா மத்தப் பாத்திகள எதோட வெச்சிப் பாக்கிற? என்ட படிப்பே போயிரும்."

அப்படியென்றால் அழுக்கணவனுக்கு அங்கே தினமும் கல்யாண வலீமாச் சாப்பாடு.

ஒரு நாள் காலை மகள் கம்பஸுக்குப் போன பிறகு, பேத்தியை ஏணையில் ஆட்டிக்கொண்டே ஜன்னலால் பார்த்தேன். மருமகன் முதுகில் மருந்து டாங்கியோடு அந்தக் கடைசிப் பாத்திக்குப் போகிறார். பலகையை வாசித்தார், தலையாட்டினார். அவர் வயல் செய்கிறவர். வயல்காரருக்குக் கொன்ட்ரோல் என்றால் மருந்தடித்துப் பூச்சியை அடக்குவது. பெண்சாதிக்கு உதவி செய்கிறாராம்!

மகளுக்குப் போன் எடுத்தேன். நிறுத்தி வைத்திருந்தாள்.

எங்கள் பக்கம் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அவர் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்ததிலிருந்து, எது சொல்வதென்றாலும் மகளிடம்தான் சொல்வோம். அவள் இல்லாவிட்டால் கோழியிடம்.

முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினேன்.

"ஏ கோழி! அந்தப் பாத்திக்கு மருந்தடிக்கப்படாதாம், கேட்டியா!"

கோழிக்குக் கேட்டது, பயந்து வேலிக்குள் ஓடியது. வாயும் காதும் மூடத் துணி கட்டியிருந்த மருமகனுக்குக் கேட்கவில்லை. டாங்கியின் கைபிடியை அமத்தி அமத்திக் காற்றேற்றினார். குழாயை நீட்டினார். நுனி சீறியது.

"மகன்! நில்லுங்க! கைய எடுங்க!"

அப்படியே நின்றார். துணியை அவிழ்த்தார்.

"மாமி... என்னோடயா?"

"பின்ன, கோழியோடயா? அதுக்கு அடிக்காதீங்க!"

"கொன்ட்ரோலெண்டுதானே போட்டிரிக்கி?"

"அது படிச்சாக்கள்ர கொன்ட்ரோல். அந்தப் பாத்திக்கு மருந்து ஹறாம். பட்டுட்டா?"

அவர் குனிந்து இலை இலையாகப் பார்த்தார்.

"என்ட கால்லதான் மாமி பட்டிரிக்கி."

"கால்ல அழுக்கணவன் இரிந்தாச் செத்திரிக்கும். போய்க் கழுவுங்க."

சொன்னேனே தவிர, நெஞ்சு அடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் ஒரு தூறல் விழுந்திருந்தால்?

அஸர் தொழுகைக்குப் பிறகு மகள் பூதக்கண்ணாடியோடு அந்தப் பாத்தியில் குந்தினாள். ஒரு பூவைத் திருப்பினாள். இன்னொன்றைத் திருப்பினாள். வாசலில் நான், வேலியோரம் அவர்.

"என்னா சனம்! எல்லாம் உசிரோட ஊருது" என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்!" இரண்டு பேர் வாயாலும் ஒன்றாக வந்துவிட்டது.

மகள் நிமிர்ந்தாள். "பூச்சி உசிரோட இரிக்கிறத்துக்கு ரெண்டு பேருக்கும் என்ன இவ்வளவு சந்தோசம்?"

மருமகன் என்னைப் பார்க்கவில்லை. காலடியில் கிளறிக்கொண்டிருந்த கோழியிடம் குனிந்தார்.

"மாமிக்கிட்டக் கேக்கச் சொல்லு."