தட்டினால் கேட்கிற படகு

என் வீட்டுக்காரர் சித்தையன்கோட்டை பக்கம் அணையில் மீன் பிடிக்கிறார். போன வருசம் நடுத்தண்ணியில் நெஞ்சுவலி வந்து, துடுப்பால் மூங்கில் பரிசலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டிருக்கிறார். கரையில் இருந்த எனக்குக் கேட்கவில்லை. வேறொரு பரிசல்காரர்தான் பார்த்துக் காப்பாற்றினார்.

பிறகு புதுப் படகு வாங்கப் போனோம்.

"பைபர் எடுங்க பெரியவரே. வெயில்ல சுடாது, சத்தம் வராது, மீன் கலையாது" என்றார் கடைக்காரர். இவரும் தலையாட்டினார்.

வெளியாள் முன்னால் பேசவே கூசுகிற நான், "அலுமினியம் எடுப்போம்" என்றேன்.

"அடி போடி, மீனு அம்புட்டும் ஓடிப்போகும்!" என்று இவர் சிரித்தார்.

"ஓடட்டும். நீங்க தட்டுனா எனக்குக் கேக்கணும்."

இவர் சிரிப்பு நின்றுவிட்டது. கடைக்காரர் ஒரு அலுமினியப் படகுக்குப் பக்கத்தில் போனார். பிறகு, "ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கம்மா, தட்டிக் காட்டுறேன்" என்றார்.

பஸ் இரைச்சலிலும் ணங்கென்று கேட்டது. அங்கேயே நின்று அழுதேன்.

வாய் திறக்காமல் இருப்பதுதான் அடக்கம் என்றே இத்தனை காலம் இருந்துவிட்டேன். அன்றைக்குப் பேசியதற்கு எனக்குக் கூச்சமில்லை.