கோயில் சுற்றும் திசையில்

நேற்று தோ பாயோ பேட்டையில் பேனா வாங்கப் போன கடையில் வரைபடத்தாள் கண்ணில் பட்டது. வெளிர்ப் பச்சைக் கட்டங்கள். எடுத்து முகர்ந்தே பார்த்துவிட்டேன். கடைக்காரப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எழுபதைத் தாண்டியவள் கணக்குத்தாளை முகர்ந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள், சொல்லுங்கள்!

அந்த வாசனையோடு சிறுவயதுத் தோழி சரோஜாவும் நினைவில் வந்துவிட்டாள். சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. கடைவீட்டு மாடியில் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். அவள் தலைக்கு வைக்கும் எண்ணெய் எங்கள் சோற்றிலும் மணக்கும். அதற்காகவே எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! பள்ளிக்கூடமும் ஒன்று, வகுப்பும் ஒன்று.

அவள் அப்பாவுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. "கணக்குல பாஸானா படிக்கட்டும். இல்லன்னா ஊருக்குக் கப்பலேத்திடுவேன், அங்க மாப்பிள்ளை ரெடியா இருக்கான்" என்று சொல்லிவிட்டார். சரோஜாவுக்குக் கணக்கென்றாலே பயம். எனக்கோ தலைக்கனம். நானே சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பினேன்.

தாளில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு, நான்கு கால்பகுதிகள். நடுவிலிருந்து வலப்பக்கமும் மேலேயும் கூட்டல். இடப்பக்கமும் கீழேயும் கழித்தல். அதுவரை சரி. ஆனால் எதை இரண்டாவது என்று எண்ணுவது?

"கோயில் சுத்துற மாதிரிதான் லா" என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் வலம் வருகிறோமே, அதே திசையில். மேலே வலப்பக்கம் ஒன்று, அதற்குக் கீழே இரண்டு. ஆகவே இரண்டாவதில் குறுக்கே போகும் முதல் எண் கூட்டல், நெடுக்கே போகும் அடுத்தது கழித்தல்.

"இப்படி யாராச்சும் முன்னாடியே சொல்லியிருந்தா நான் பயந்திருக்கவே மாட்டேன்" என்றாள் சரோஜா.

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்பு அவளுக்குக் காய்ச்சல். அன்று டீச்சர் என்னைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டார். என் கோயில் கணக்கைப் போட்டேன், வகுப்பே சிரித்தது. எதிர்த் திசையில் எண்ண வேண்டுமாம். இரண்டாவது கால்பகுதி மேலே இடப்பக்கம். முதல் எண் கழித்தல், அடுத்தது கூட்டல். காது சிவக்க வந்து உட்கார்ந்தேன்.

சாயங்காலம் சரோஜா தடுப்பைத் தட்டினாள். "இன்னைக்கு மேத்ஸ்ல என்ன நடத்துனாங்க?"

"ஒண்ணுமில்ல, பழசுதான்."

என் தப்பை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அதையேதான் நினைத்தேன்.

பெரிய கேள்வியே கால்பகுதியில்தான் வந்தது. நான் பாஸ். அவள் மூன்று மார்க்கில் தவறிவிட்டாள். விடைத்தாளை எங்களிடம் திருப்பித் தரவில்லை. அவள் என்ன எழுதியிருப்பாள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

கப்பலடியிலாவது சொல்லியிருக்கலாம். அவள் முந்திக்கொண்டு, "நீ நல்லாத்தான் சொல்லிக்குடுத்த. என் மண்டையிலதான் ஏறல" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாள். நான் அவள் பெட்டியைத் தூக்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன். அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது?

எங்கள் கடைவீடு இப்போது சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதி. நாகப்பட்டினம் கப்பல் நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. போன வருடம் சரோஜாவும் போய்விட்டாள். அவள் மகள் எழுதியிருந்தாள்: "அம்மா உங்களைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. நான் கணக்குச் சொல்லித்தரக் கேட்டால் மட்டும், 'எனக்கு அது வராதும்மா, நான் மக்கு' என்று எழுந்து போய்விடுவார்கள்."