நிலவறையில் ஒரு குடித்தனம்

ரோலண்ட் காங்கஸ் வருஷத்தில் பத்து வாரம்தான் எங்கள் தெருவாசி. மற்ற நாளெல்லாம் ஏரிவாசி. எங்கள் ஊர் டுலூத்திலிருந்து இரும்புத்தாது ஏற்றிக்கொண்டு கடல் போன்ற ஏரியில் கிழக்கே போகும் கப்பலில் அவனுக்குச் சுக்கான் பிடிக்கும் வேலை. ஜனவரி நடுவில் ஏரி உறைந்து, கப்பல்கள் கடக்கும் மதகுகளை மூடியதும் தோள்பையோடு வந்து இறங்குவான். மார்ச் கடைசியில் பனிக்கட்டி உடைந்ததும் போய்விடுவான். நான் அடுத்த வீட்டுக்காரன். இருபது வருஷமாக அவன் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மனைவி லோரீன் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். பெண்கள் இருவர்: பதினான்கு வயது டெஸ்ஸா, பத்து வயது பிரிட்டா. அவன் இல்லாமலே ஓடப் பழகிய வீடு அது. ஒரு ஜனவரிக் காலையில் காபிக்கு ஸ்பூன் தேடி மூன்று இழுப்பறைகளைத் திறந்து பார்த்திருக்கிறான். போன வருஷம் இருந்த இடத்தில் ஸ்பூன் இல்லை. "விருந்தாளி உட்காரட்டும், நான் எடுத்துத் தர்றேன்" என்றாள் லோரீன். விளையாட்டாகச் சொன்னதுதான். அவனும் சிரித்தான். ஆனால் அந்தச் சொல் பனி உருகும்வரை மனதை விட்டுப் போகவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னான்.

அந்த வீட்டில் அவனுக்கென்று இருந்தது நிலவறையின் ஒரு மூலைதான். துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் வீட்டைச் சூடாக்கும் உலைக்கும் நடுவே பன்னிரண்டு பெட்டிப் புத்தகம். துறைமுகங்களில் கப்பல்காரர்களுக்கென்று மாதா கோயில்காரர்கள் நடத்தும் விடுதிகள் உண்டு. அங்கே பழைய புத்தகங்களைச் சும்மா கொடுப்பார்கள். அப்படிச் சேர்ந்தவை. பெட்டிகள் ஈரத்தில் பூஞ்சை பூத்துக் கிடந்தன. ஒருநாள் அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தபோதுதான், இந்த இடத்தை நாலு பேரும் சேர்ந்து உட்காரும் அறையாக்கி, சுவரெல்லாம் புத்தகம் அடுக்கிவிட்டால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது.

முதல் குளிர்காலம் முழுக்கத் தண்ணீரோடு போராட்டம். சுவரோரமாகத் தரையை உடைத்து, ஓட்டை போட்ட குழாயைச் சரளைக்குள் புதைத்து, மூலையில் குழி வெட்டித் தண்ணீர் இறைக்கும் மோட்டாரை இறக்கினான். உடைந்த கான்கிரீட்டை வாளி வாளியாகப் படியேற்றியவன் நான். எங்கள் காபியில்கூடச் சிமெண்டுத் தூசி மிதந்தது. லோரீனின் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபின்லாந்து ரத்தம்டா உனக்கு. உங்க ஆளுங்க மாதிரி கீழ ஒரு நீராவிக் குளியலறை கட்டுவேன்னு பார்த்தா லைப்ரரி கட்டுற. உங்க தாத்தா கல்லறையில திரும்பிப் படுத்துப்பார்" என்றான். ரோலண்ட் தலை நிமிராமல், "அவர் எந்தப் பக்கம் படுத்தா எனக்கென்ன. நீ அந்த வாளியத் தூக்கு" என்றான்.

இரண்டாம் குளிர்காலத்தில் மண்ணைத் தோண்டி ஜன்னலைப் பெரிதாக்கினான். சுவர்களுக்கு மரச்சட்டம் அடித்து, இடையில் குளிர் தாங்கும் பஞ்சை அடைத்தான். பலகை வைத்து மூடுவதற்குள் ஏரி திறந்துவிட்டது. எலும்பும் பஞ்சுமாக நின்ற அறையை விட்டுவிட்டுப் போனான்.

விடிகாலை நாலு மணியிலிருந்து எட்டுவரை அவனுடைய முறை. அந்த வேளையில் ஏரியும் வானமும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். கப்பல் எதன் மேல் போகிறது என்றே தெரியாது என்பான். அந்த மூட்டத்துக்குள் அவன் அறையைப் பார்த்தான். அலமாரிகள் முதலில் வரும், பிறகு விளக்கு, பிறகு ஒரு நீளமான சோபா. அதில் மூன்று பேர் முகம் தெரியாமல் உட்கார்ந்திருப்பார்கள். சூரியன் எழுந்ததும் எல்லாம் கரைந்துவிடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். சிக்னல் கிடைத்தபோதெல்லாம் வீட்டுக்கு ஃபோன் போட்டு, விளக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்பான்.

லோரீன் ஒருநாள் சொல்லியிருக்கிறாள்: "ரோலண்ட், இங்க பாத்ரூம் குழாய் ஒழுகுது. நீ இல்லாத ரூமுக்கு லைட் வாங்கிட்டு இருக்க."

அந்த நவம்பரில் பெரும் புயல் வந்தது. அவனுடைய கப்பல் வடகரையில் ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்டு ஒதுங்கியிருக்கிறது என்று கம்பெனியிலிருந்து ஒரு வரிச் செய்தி. அதற்குமேல் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. வீட்டின் மேல்தளத்தில் காற்று, யாரோ வாயை மூடிக்கொண்டு அழுவதுபோல ஓயாமல் ஒலித்தது. லோரீனால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. துவைத்த துணியை எடுக்கக் கீழே இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். ரோலண்ட் அடைத்த பஞ்சைத் தாண்டிக் காற்று உள்ளே கேட்கவில்லை. பெண்களைக் கீழே கூப்பிட்டாள்.

மத்தியானம் நான் சூப் எடுத்துக்கொண்டு போனபோது மூன்று பேரும் மடக்கு நாற்காலிகளில் கம்பளி போர்த்து உட்கார்ந்திருந்தார்கள். புத்தகப் பெட்டிகள் திறந்து கிடந்தன. டெஸ்ஸா ஒரு பக்கத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினாள். ஓரத்தில் ரோலண்டின் பென்சில் எழுத்து. 'மூடுபனி, மூன்றாம் நாள். பிரிட்டாவுக்கு இன்றைக்கு ஐந்து வயது. ஃபோன் கிடைக்கவில்லை.' இன்னொன்றில், 'லோரீன் இதைப் படித்தால் சிரிப்பாள்.' ஏலக்காய் ரொட்டியின் வாசனை ஞாபகம் வந்ததாக வேறொன்றில். பத்துப் பன்னிரண்டு வருஷத்துப் பேச்சு அச்செழுத்துக்குப் பக்கத்தில் பொடிப்பொடியாகக் கிடந்தது. அவை யாரும் படிப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. பெண்கள் பெட்டி பெட்டியாகத் தேடினார்கள். கிடைத்ததை லோரீன் வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தாள். புயல் அடங்க இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு நாளும் அவர்கள் சாப்பிடவும் தூங்கவும்கூட மேலே வரவில்லை. மூன்றாம் நாள் காலை அவன் குரல் ஃபோனில் வந்தது. அவள் அழவில்லை, பாத்ரூம் குழாயைச் சரிசெய்தாகிவிட்டது என்று மட்டும் சொன்னாளாம்.

புயலுக்குப் பிறகு அவன் கப்பல் வேறு துறைமுகங்களில்தான் சரக்கு ஏற்றியது. அதனால் ஜனவரியில்தான் வந்தான். பையை இறக்கியதும் கீழே போனான். லோரீனும் பெண்களும் அங்கேதான் இருந்தார்கள்; அவன் பின்னால் நானும் இறங்கினேன். மூன்று நாற்காலி, கம்பளிகள், தரையெல்லாம் ரொட்டித் துணுக்கு, சட்டங்களுக்கு நடுவே ஆணியில் தொங்கிய ஒரு விளக்கு. அது அவன் நினைத்திருந்த பக்கத்தில் இல்லை. படியிலேயே நின்றுவிட்டான்.

"எனக்கு முன்னாடியே குடி வந்துட்டீங்களா?" என்றான். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. இரண்டு வருஷமாக விடியலில் கட்டிய அறைக்குள் அவனில்லாமலே ஆள் புகுந்துவிட்டது அவனுக்கு வலித்திருக்க வேண்டும்.

லோரீன் ஒரு புத்தகத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். ஓரத்தில் தன் எழுத்தைப் பார்த்ததும் அவன் முகம் சிவந்துவிட்டது.

"இதையெல்லாம் படிச்சீங்களா?"

"எல்லாத்தையும் படிச்சோம். பதினேழு வருஷமா என்கிட்ட பேசினதவிட இந்த ஓரத்துல நிறைய பேசியிருக்க."

"நேர்ல வரமாட்டேங்குது, லோரீன்."

"தெரியுது. இப்பதான் தெரியுது."

பிரிட்டா வெளியே ஓடி, வண்டிக் கொட்டகையிலிருந்து நாலாவது நாற்காலியைத் தூக்கிவந்தாள். கம்பியெல்லாம் உறைபனி பூத்திருந்தது. "கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்ப்பா, பொறுத்துக்கோ" என்றாள். அவன் அதில் உட்கார்ந்தான். நான் மெல்ல மேலே வந்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில் வேலை முடிந்தது. ஜிப்சம் பலகை அடித்து, வெள்ளை பூசி, தரைவிரிப்பு போட்டு, மூன்று சுவருக்கு அலமாரி வைத்தான். அறைக்காகக் கப்பலில் வரைந்து வைத்திருந்த படத்தை மடித்துப் போட்டுவிட்டு, அவர்களுடைய நாற்காலிகள் இருந்த இடத்தைச் சுற்றியே எல்லாவற்றையும் அமைத்தான். டெஸ்ஸா புத்தகங்களை எழுதியவர் பெயர்ப்படி அடுக்கவில்லை. ஓரக் குறிப்புகளைப் பார்த்து, அப்பா எந்த வருஷம் படித்தாரோ அந்த வரிசையில் அடுக்கினாள். ஒன்றைத் தேடி எடுக்க யாராலும் முடியாது. யாரும் தேடவும் இல்லை. கைக்கு வந்ததை எடுத்தார்கள்.

மார்ச் நடுவில் ஒரு ஞாயிறு மதியம், இரவல் வாங்கிய துளைக்கருவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஜன்னல் குழியில் பனி முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதன் வழியாக வந்த வெளிச்சம் நீலமாக இருந்தது, நீருக்கடியில் இருப்பதுபோல. நாலு பேரும் படித்துக்கொண்டிருந்தார்கள். லோரீனின் கால்கள் ரோலண்டின் மடிமேல். அவன் என்னைப் பார்த்து, உட்கார் என்று தலையை அசைத்தான். நான் கடைசிப் படியில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கம் புரளும் ஓசையும், மூலைக் குழியில் மோட்டார் ஒருமுறை இயங்கி நின்றதும்தான் கேட்டன.

இருபத்திரண்டாம் தேதி அவன் கப்பலேறினான். அந்த முறை லோரீன் துறைமுகம்வரை கூடப் போனாள்.