சரியான விடைக்கு முட்டை

என் மகளின் காலாண்டுக் கணக்குத் தாளில் ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, ஓரத்தில் முட்டை போட்டிருந்தார்கள். ஐந்து மதிப்பெண் கேள்வி. (2, 5), (6, −1) என்ற இரண்டு புள்ளிகள் வழியே செல்லும் நேர்க்கோட்டின் சமன்பாட்டைக் காண வேண்டும். அவ்வளவுதான்.

அவள் பத்தாம் வகுப்பு. பள்ளிவிட்டு நேராக என் கடைக்கு வந்து தாளை நீட்டினாள், பெற்றோர் கையெழுத்துக்காக. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கணக்கில் பி.எஸ்சி., அதற்கு மேல் பி.எட். படித்துவிட்டுத்தான் பட்டாவுக்கும் ஆதாருக்கும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அது வேறு கதை. ஆனால் இரண்டு புள்ளி கொடுத்தால் கோடு எது என்று சொல்ல எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கவுண்டரில் வைத்தே போட்டுப் பார்த்தேன். y ஆறு இறங்குகிறது, x நாலு ஏறுகிறது. சாய்வு மைனஸ் மூன்றின் கீழ் இரண்டு. அவளும் அதைத்தான் எழுதியிருந்தாள். பிறகு எல்லாரும் முதல் புள்ளியைப் பிடிக்கும் இடத்தில் இவள் இரண்டாவது புள்ளியைப் பிடித்து, y = −3x/2 + 8 என்று முடித்திருந்தாள். x-க்கு 2 போட்டேன். மைனஸ் மூன்றும் எட்டும் சேர்ந்து ஐந்து. 6 போட்டேன். மைனஸ் ஒன்பதும் எட்டும் சேர்ந்து மைனஸ் ஒன்று. இரண்டு புள்ளியும் கோட்டின் மேல் இருந்தன. இதற்கு மேல் ஒரு கோடு என்ன செய்ய வேண்டும்?

"எதுக்குடி அடிச்சிருக்காங்க?"

"ஆன்சர் கீ-ல 3x + 2y − 16 = 0ன்னு இருக்கும்மா. அப்படியே இல்லன்னா தப்பு."

"ரெண்டும் ஒண்ணுதானடி!"

"எனக்குத் தெரியும். மிஸ்ஸுக்கும் தெரியும். கையெழுத்துப் போட்டுக் குடும்மா."

மிஸ்ஸுக்கும் தெரியும் என்றாளே, அந்த இடத்தில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது. தெரியாமல் அடித்தால் பிழை. தெரிந்தே அடித்தால் அதற்கு என்ன பெயர்? நான் கையெழுத்துப் போடவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் பள்ளிக்குக் கிளம்பினேன். சுண்ணாம்புக்கல் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியை ஓட்டிப் போய்ச் சேரும்போது முகமெல்லாம் வெள்ளைத் தூசி. கணக்கு ஆசிரியை வராந்தாவுக்கு வந்தாள். ஆண்டிமடத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற சின்னப் பெண். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதிருக்கும். தாளைக் காட்டினேன். பார்க்கக்கூட இல்லை.

"சரிதாங்கக்கா அது," என்றாள் மெதுவாக.

"சரின்னா ஏம்மா அடிச்ச?"

"கீ மேனேஜ்மென்ட் குடுக்கிறது. அதுல இருக்கிற மாதிரியே இருந்தாத்தான் மார்க்குன்னு மீட்டிங்ல சொல்லிட்டாங்க. நான் மாத்திப் போட்டா என்னைக் கூப்பிட்டு நிக்க வைப்பாங்க. இன்னும் மூணு பேரு இதே மாதிரி எழுதியிருந்தாங்க. அவங்களுக்கும் அடிச்சேன்."

அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் என் கோபம் தணியவில்லை, திசைதான் மாறியது. நானும் இரண்டு வருடம் இப்படியொரு பள்ளியில் வேலை பார்த்தவள். சொன்னபடி டிக் போட்டவள். அதற்காக யாரும் என்னிடம் வந்து கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கரஸ்பாண்டென்ட்டைப் பார்க்க முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். உள்ளே போனதும் அவர் தாளை வாங்கவில்லை.

"நீங்க என்ன பண்றீங்க?"

"ஜெராக்ஸ் கடைங்க சார்."

"எந்த ஊரு?"

"செந்துறைப் பக்கம்."

"செந்துறைப் பக்கம்னா எங்க?"

இந்தக் கேள்வியை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். ஊரைக் கேட்டு, அப்புறம் தெருவைக் கேட்பார்கள். என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அவருக்குத் தெரிய வேண்டியது அதுதான். தாளை அவர் மேசையில் விரித்தேன்.

"சார், அரியலூர்ல நின்னா அதுக்குச் செந்துறை ரோடுன்னு பேரு. செந்துறையில நின்னா அரியலூர் ரோடு. ரோடு ஒண்ணுதானுங்களே? இதுவும் அப்படித்தான். ரெண்டு புள்ளி வழியா ஒரே ஒரு நேர்க்கோடுதான் போவும். அதை எப்படி எழுதினாலும் அதே கோடுதான். நீங்களே நம்பரைப் போட்டுப் பாருங்க."

அவர் போட்டுப் பார்க்கவில்லை. சிரித்தார். "ஒரு அஞ்சு மார்க்குக்காகக் கடையைப் பூட்டிட்டு வந்திருக்கீங்க. சரி விடுங்க. உங்க பொண்ணுக்கு மட்டும் போடச் சொல்லிடறேன். வெளியில சொல்லிக்க வேணாம்."

அப்படியே எழுந்துவிட்டேன். "மட்டும்னா எனக்கு வேணாம் சார். சரின்னா நாலு பேருக்கும் சரி. தப்புன்னா என் பொண்ணுக்கும் தப்பாவே இருக்கட்டும். ஏன் தப்புன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எழுதியெல்லாம் தர முடியாதும்மா."

"ஏன் சார்? விடை தப்புன்னா எழுதறதுக்கு என்ன?"

பியூனைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பினார். சத்தம் போட்டேன் என்று பிறகு சொன்னார்களாம். ஆமாம், போட்டேன்.

அன்று இரவு சாப்பிடும்போது நடந்ததைச் சொன்னதும் மகள் வெடித்தாள். "குடுக்கறேன்னு சொன்னாங்கல்ல, வாங்கிட்டு வந்திருக்கலாம்ல? நான்தானே தினம் அங்க போவணும்?" அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் வாங்கியிருக்க மாட்டேன். அதை அவளிடம் சொன்னபோது தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள்.

மற்ற மூன்று பிள்ளைகளில் இரண்டு பேரின் வீட்டு நம்பரை அவளிடமே கேட்டு வாங்கினேன். ஒரு அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். "கணக்கெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. சரியா எழுதுன புள்ளைக்கு மார்க் இல்லைன்னா வந்து நிக்கிறேன்," என்றார். இன்னொரு அம்மா, பிள்ளையின் பெயர் கெட்டுவிடும் என்று போனை வைத்துவிட்டாள். திங்கட்கிழமை நானும் அந்த அப்பாவுமாகப் போய் நின்றோம். கரஸ்பாண்டென்ட் எங்களைப் பார்க்கவில்லை. தலைமையாசிரியர்தான் வந்தார். அவர் இயற்பியல் படித்தவர். அங்கேயே பேனாவை எடுத்துப் போட்டுப் பார்த்தார். தலையை மட்டும் ஆட்டினார். மற்ற இருவரின் தாளையும் வகுப்பிலிருந்து வரவழைத்து, நாலு தாளிலும் முட்டையை அடித்து ஐந்து போட்டுக் கையெழுத்திட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை யார் வாயிலும் வரவில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த ரேங்க் பட்டியலையும் மாற்றவில்லை. என் மகள் அதில் ஒன்பதாவதாகவே இருந்தாள். ஐந்தைக் கூட்டினால் ஆறாவது.

அரையாண்டுக்குப் பிறகு அந்தக் கணக்கு ஆசிரியை வரவில்லை. பெரம்பலூரில் வேறொரு பள்ளிக்குப் போய்விட்டாள் என்று மகள் சொன்னாள். என்னால்தானோ என்று மனது அரித்தது. போன் செய்து கேட்டேன்.

"உங்களால இல்லக்கா. எனக்கே அங்க இருக்கப் பிடிக்கல. இங்கயும் பெரிய வித்தியாசமில்ல. ஆனா முதல் நாளே சொல்லிட்டேன், புள்ளி ரெண்டும் பொருந்தினா நான் மார்க் போடுவேன்னு."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. பாப்போம்க்கா."